கிராமத்துல வீடு வாங்க ஹோம் லோனா? விலை பேசுறது நீங்க, மதிப்பு போடுறது வேல்யூவர்!



சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டே, ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கிடலாம்னு நினைக்கிறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. அப்பா அம்மாவுக்கும் ஆச்சு, நமக்கும் ஒரு சொத்து ஆச்சு. நல்ல யோசனைதான். ஆனா கிராமத்து வீட்டுக்கு ஹோம் லோன் போகும்போது, நகரத்து ஃபிளாட் வாங்கினவங்க பெருசா சந்திக்காத ஒரு சிக்கல் இருக்கு. அதுதான் வேல்யூவேஷன், அதாவது சொத்து மதிப்பீடு.

என் நண்பன் ஒருத்தன் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம். கையில 55,000 ரூபாய் சம்பளம். திருச்சி பக்கம் ஒரு கிராமத்துல 5 சென்ட் இடம், அதுல 15 வருஷம் ஆன 1,000 சதுர அடி கான்கிரீட் வீடு. விலை 32 லட்சம்னு பேசி முடிச்சான். ஒரு அரசு வங்கியில கேட்டப்ப, "உங்க சம்பளத்துக்கு 29 லட்சம் வரை கிடைக்கும்"னு சொன்னாங்க. அந்த தைரியத்துல 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூணு மாச கெடு வெச்சு அக்ரிமென்ட் போட்டுட்டான்.

அப்புறம் வேல்யூவர் வந்தார். அரை மணி நேரம் பார்த்தார், அளந்தார், போட்டோ எடுத்தார். ரிப்போர்ட்ல வந்த மதிப்பு சுமார் 26 லட்சம்.

அங்கேயே எல்லா கணக்கும் தலைகீழா மாறிடுச்சு.

6 லட்சம் குறைஞ்சா என்ன ஆகும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு சொத்து மதிப்புல அதிகபட்சம் 90% கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரை 80%. அதுக்கும் மேல போனா 75%. இது உச்சவரம்புதான். இதுக்குக் கீழே எவ்வளவு கொடுக்கணும்ங்கறது வங்கியோட முடிவு.

இதுல நம்ம ஆளுங்க கோட்டை விடுற இடம் "சொத்து மதிப்பு"ங்கற வார்த்தை. நீங்க பேசின விலை, வேல்யூவர் போட்ட மதிப்பு, ரெண்டுல எது குறைவோ அதை எடுத்துக்கறதுதான் வங்கிகளோட வழக்கம்.

நண்பன் போட்ட கணக்கு இது:
- விலை 32 லட்சம். கடன் 90%, அதாவது 28.8 லட்சம்.
- கையிலிருந்து போட வேண்டியது 3.2 லட்சம்.
- பத்திரச் செலவு 9% (முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%), அதாவது 2.88 லட்சம்.
- மொத்தம் கையிலிருந்து 6.08 லட்சம்.

நிஜமா வந்தது இது:
- மதிப்பு 26 லட்சம். கடன் 90%, அதாவது 23.4 லட்சம்.
- கையிலிருந்து போட வேண்டியது 8.6 லட்சம்.
- பத்திரச் செலவு அதே 2.88 லட்சம்.
- மொத்தம் கையிலிருந்து 11.48 லட்சம்.

துண்டு விழுந்தது 5.4 லட்சம். அக்ரிமென்ட் கெடு முடிய இன்னும் அஞ்சு வாரம்தான். அட்வான்ஸ் 3 லட்சம் ஏற்கெனவே வீட்டுக்காரர் கையில.

இன்னொரு விஷயம். முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவை எல்லாம் வீட்டு விலையோட சேர்த்து கடன் கேட்க முடியாது. வீட்டு விலை 10 லட்சத்துக்குள்ள இருந்தா மட்டும் சேர்த்துக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்குது.

வேல்யூவர் 26 லட்சத்துக்கு எப்படி வந்தார்?

அவர் உங்க ஆள் இல்லை. ஃபீஸ் கொடுக்கறது நீங்களா இருந்தாலும், வங்கி தன்னோட பேனல்ல வெச்சிருக்கிற ஆள். நாளைக்கு நீங்க இ.எம்.ஐ கட்டலைன்னா இந்த வீட்டை வித்து எவ்வளவு எடுக்கலாம்? வங்கிக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியா போடுவார்.

முதல்ல கட்டடம். இன்னிக்கு இதே வீட்டைப் புதுசா கட்டினா சதுர அடிக்கு 1,800 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 1,000 சதுர அடிக்கு 18 லட்சம். ஆனா வீடு 15 வருஷம் பழசு. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருஷம், கடைசியில மிஞ்சும் மதிப்பு 10%னு எடுத்துக்கிட்டா, வருஷத்துக்கு 1.5% தேய்மானம். 15 வருஷத்துக்கு 22.5%. 18 லட்சத்துல அதைக் கழிச்சா 13.95 லட்சம். வீட்டுக்காரர் கட்டடத்துக்கு மனசுல வெச்சிருந்தது 17 லட்சம். அவர் போட்ட தேக்குக் கதவும் பூஜை ரூம் டைல்ஸும் அவருக்குப் பெருசு. தேய்மானக் கணக்குல அதெல்லாம் தனியா நிக்காது.

அடுத்து நிலம். வீட்டுக்காரர் சென்ட் 3 லட்சம்னு சொன்னார். வேல்யூவர் போட்டது 2.4 லட்சம். 5 சென்டுக்கு 12 லட்சம். ரெண்டையும் கூட்டினா 25.95 லட்சம். அதுதான் அந்த 26.

நிலத்துல ஏன் குறைச்சார்?

கிராமத்துல உண்மையான பிரச்சினை இங்கதான் இருக்கு.

நகரத்துல ஒரு அபார்ட்மென்ட்ல வருஷத்துக்கு நாலு வீடு கைமாறும். ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் இருக்கும். கிராமத்துல ஒரு தெருவுல ஒரு வீடு வித்தே பத்து வருஷம் ஆகியிருக்கலாம். அப்படியே வித்திருந்தாலும், நம்ம ஊர்ல நடக்கறது உங்களுக்கே தெரியும். பத்திரத்துல கைட்லைன் வேல்யூ மட்டும் காட்டிட்டு, மீதியை ரொக்கமா கைமாத்தியிருப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சென்ட் 3 லட்சத்துக்கு வித்தார்னு டீக்கடையில எல்லாருக்கும் தெரியும். ஆனா பத்திரத்துல இருக்கறது 1 லட்சம்தான். வேல்யூவர் டீக்கடைப் பேச்சை ரிப்போர்ட்ல ஆதாரமா வெக்க முடியாது இல்லையா?

அவங்க அன்னிக்கு மிச்சம் பண்ணின முத்திரைத் தீர்வை, இன்னிக்கு உங்க கடன்ல வந்து விடியுது.

உங்ககிட்டயும் வீட்டுக்காரர் இதையே சொல்லலாம்: "தம்பி, பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம், மீதியை கையில கொடுத்திருங்க." ஒத்துக்காதீங்க. பத்திர விலை குறைஞ்சா கடனும் குறையும். நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்கின விலை குறைவா தெரியும், வரி கூடும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதும் வருமான வரிச் சட்டப்படி தப்பு. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். இதை வீட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்க.

கைட்லைன் வேல்யூ வேற, மார்க்கெட் வேல்யூ வேற

கைட்லைன் வேல்யூங்கறது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வெச்சிருக்கிற அடிப்படை. 2017 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க இதை 33% குறைச்சாங்க. 2023ல பழைய அளவுக்கே ஏத்திட்டு, பதிவுக் கட்டணத்தை 4%லிருந்து 2% ஆக்கினாங்க. ஒரே நாள்ல ஊர்ல இருக்கற எல்லா நிலத்தோட விலையும் மூணுல ஒரு பங்கு இறங்குமா? இறங்காது. இது அரசாணையில மாறுற நம்பர், சந்தை விலை இல்லை.

ஆனாலும் வேல்யூவர் இதைப் பார்ப்பார். அவர் மதிப்பு கைட்லைனை விட ரொம்ப மேல போனா, ஏன்னு வங்கி கேட்கும். அதனால கைட்லைன் குறைவா இருக்கிற ஊர்ல மதிப்பு தானா கீழ இழுக்கும்.

மதிப்பை இன்னும் இறக்குற விஷயங்கள்

- அளவு வித்தியாசம்: பத்திரத்துல 5 சென்ட், பட்டாவுல நாலே முக்கால், நேர்ல அளந்தா நாலரை. குறைவானதுதான் கணக்குல வரும்.
- பாதை: கார் போகாத சந்து, அடுத்தவர் இடத்து வழியா போற பாதை. கிராமத்துல பழக்கத்துல நடந்து போறோம், சரி. வாங்க வர்றவருக்கு அது எழுத்துல இருக்கணும்.
- கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி பேர் சேர்ந்து இருந்தா, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கச் சொல்லுங்க.
- கட்டட அனுமதி: பிளான் அப்ரூவல் இல்லைன்னாலோ, பிளானுக்கு மேல ரெண்டு ரூம் சேர்த்துக் கட்டியிருந்தாலோ, அந்தப் பகுதிக்கு மதிப்பே போடாம விடலாம். கடனே மறுக்கப்படலாம்.
- "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை: மனைப்பிரிவுக்குப் பஞ்சாயத்து கையெழுத்து மட்டும் போதாது, டி.டி.சி.பி ஒப்புதல் வேணும். 20.10.2016க்கு முன்னாடி விற்ற அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதுல வரன்முறை ஆன உத்தரவு இருக்கான்னு கேளுங்க.

அரசுத் திட்டத்துல மானியம் வராதா?

இதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. கிராமத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டம், பட்டியல்ல தேர்வான ஏழைக் குடும்பங்கள் வீடு கட்ட கொடுக்கிற உதவி. சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம். வீடு வாங்கறதுக்கு இல்லை.

வீடு வாங்கறவங்களுக்கு வட்டி மானியம் இருக்கிறது நகர்ப்புறத் திட்டம் 2.0ல. 2024 செப்டம்பர்ல இருந்து நடக்குது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். இந்தியாவுல எங்கயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக்கூடாது. அதிகபட்ச மானியம் 1.80 லட்சம், அஞ்சு வருஷத் தவணையில வரும். பேரு நகர்ப்புறம்னாலும், அறிவிக்கப்பட்ட திட்டமிடல் பகுதிக்குள்ள வர்ற கிராமங்களும் சேரலாம். உங்க ஊர் அதுல இருக்கான்னு வங்கியிலயே கேளுங்க.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

1. பதிவுத்துறை இணையதளத்துல அந்த சர்வே நம்பரோட கைட்லைன் வேல்யூ பாருங்க. 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்க. பட்டா, புல வரைபடம் ரெண்டும் எடுங்க.

2. மேல சொன்ன தேய்மானக் கணக்கை நீங்களே போடுங்க. பேசின விலைக்கும் அதுக்கும் பெரிய இடைவெளி இருந்தா, வேல்யூவர் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

3. "29 லட்சம் கிடைக்கும்"னு வங்கி சொல்றது உங்க சம்பளத்துக்கு. அந்த வீட்டுக்கு இல்லை. லீகல் ஒப்பீனியனும் வேல்யூவேஷனும் முடிஞ்சாதான் வீட்டுக்கான பதில். இந்த ரெண்டு செலவும் 3 லட்சம் அட்வான்ஸுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

4. வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டேங்கறாரா? சின்ன தொகையா அட்வான்ஸ் கொடுங்க, பேங்க் டிரான்ஸ்ஃபர்ல மட்டும். அக்ரிமென்ட்ல இப்படி ஒரு வரி சேருங்க. வக்கீல்கிட்ட காட்டி உங்களுக்கு ஏத்த மாதிரி திருத்திக்கோங்க:

"வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக அமைந்தாலோ, வங்கி மதிப்பீடு ரூ. ____க்குக் குறைந்தாலோ, வாங்குபவர் இவ்வொப்பந்தத்திலிருந்து விலகலாம். அவ்வாறு விலகினால், விற்பவர் முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் பிடித்தமின்றித் திருப்பித் தர வேண்டும்."

நண்பனோட அக்ரிமென்ட்ல இந்த வரி இல்லை. "கெடுவுக்குள் கிரயம் செய்யாவிட்டால் முன்பணம் திரும்பாது"ங்கற வரி மட்டும் இருந்துச்சு.

மதிப்பு குறைஞ்சு வந்துடுச்சு, இப்ப என்ன?

ரிப்போர்ட் காப்பி கேளுங்க. பரப்பளவு, கட்டடத்தோட வயசு, மாடி ரூம் விட்டுப்போச்சான்னு பாருங்க. தப்பு இருந்தா ஆதாரத்தோட எழுத்துல கொடுங்க. அதே தெருவுல சமீபத்துல நல்ல விலைக்கு பதிவான பத்திர நகல் கிடைச்சா அதையும் வெயுங்க. "சார், கொஞ்சம் ஏத்திப் போடுங்க"ன்னு வேல்யூவர்கிட்ட போய் நிக்காதீங்க. ஏத்திப் போட்டா கடன் சுமை உங்களுக்குத்தான்.

தப்பு இல்லைன்னா அந்த ரிப்போர்ட்டோட வீட்டுக்காரர்கிட்ட போய் உட்காருங்க. "ஐயா, எந்த வங்கிக்குப் போனாலும் இந்த நம்பருக்குப் பக்கத்துலதான் வரும். அடுத்து வர்றவரும் கடன்லதான் வாங்குவார்." பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

செய்யவே கூடாதது ஒண்ணு: துண்டு விழுந்த பணத்துக்கு பர்சனல் லோன். 5.4 லட்சத்தை 13% வட்டியில 5 வருஷத்துக்கு எடுத்தா மாசம் சுமார் 12,300. வீட்டுக் கடன் 23.4 லட்சத்துக்கு 8.5%ல 20 வருஷத்துக்கு சுமார் 20,300. ரெண்டும் சேர்ந்து 32,600. 55,000 சம்பளத்துல மிச்சம் 22,400. அதுல சென்னை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பறது எல்லாம் முடியணும்.

நண்பன் பர்சனல் லோன் படிவம் வரைக்கும் போனான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினதும் நிறுத்திட்டான். வீட்டுக்காரர் விலை இறங்கலை. ஊர்ப் பெரியவங்களை வெச்சுப் பேசி, அஞ்சு மாசம் கழிச்சு 2 லட்சம் திரும்பி வந்துச்சு. 1 லட்சம் போனது போனதுதான்.

"அந்த ஒரு வரிக்கு ஒரு லட்சம் ஃபீஸ் கட்டியிருக்கேன்டா"ன்னு இன்னிக்கும் சொல்லுவான். உங்களுக்கு அது இலவசம். எடுத்துக்கோங்க.

ஊர்ல வீடு தேடிக்கிட்டிருக்கிற நண்பருக்கு, அவர் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, இதை அனுப்பிடுங்க.