சிறுநீரகம் சொல்லி அனுப்பும் சேதி

டயாலிசிஸில் இருக்கும் தன் அப்பாவுக்கு ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள், கெட்டுப்போனது கிட்னிதானே, ரத்தம் ஏன் குறைய வேண்டும் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் பிறக்கின்றன. ஆனால் எவ்வளவு தேவை என்று பார்ப்பது சிறுநீரகம். அது அணுக்களை எண்ணுவதில்லை, ஆக்சிஜனைத்தான் கவனிக்கிறது. அங்குள்ள செல்கள் ஹிஃப் என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்து, ஆக்சிஜன் போதுமென்றால் சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் பிழைத்துக்கொண்டு, எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனின் மரபணுவை முடுக்கிவிடும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த விதத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்மோன் மஜ்ஜைக்குப் போய் இளம் செல்களின் ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே ஜாக்2 என்ற நொதி விழிக்கிறது. அதன் வழியே போகும் சேதி: செத்துப்போகாதே. சேதி கிடைக்காத இளம் செல்கள் தாமாகவே மடிந்துவிடும். கிட்னி கெட்டால் ஹார்மோன் குறையும், அதனால்தான் ரத்தமும் குறைகிறது.

இந்த ஹார்மோனைக் கையில் பிடித்த கதைதான் அதிசயம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் கோல்ட்வாசர் 1955இல் தேடத் தொடங்கினார். ரத்தத்தில் அது இருக்கும் அளவு அத்தனை சொற்பம். கடைசியில் கைகொடுத்தது ஜப்பானின் குமமோட்டோவில் அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் சிறுநீர். அவர்களுடைய மஜ்ஜை செயலிழந்திருந்தது. ஆளில்லா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் சிறுநீரகம் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்க, மிச்சம் சிறுநீரில் வெளியேறியது. மருத்துவர் தகாஜி மியாகே 2,550 லிட்டர் சேகரித்து, வற்றவைத்து, துணியில் பொதிந்து 1975இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து தேறிய தூய ஹார்மோன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்! அதை வைத்து மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள்; அந்த மரபணுவைக் கொண்டு தயாரித்த ஹார்மோன் ஊசிக்கு 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை பல டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள்.

அத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த மருந்தைச் சைக்கிள் பந்தய வீரர்கள் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டது வேதனை. 1998 டூர் தி பிரான்ஸுக்கு முன்பு ஓர் அணியின் காரிலேயே அது பிடிபட்டது. அளவு மீறினால் ரத்தம் தடித்து, உறைந்து, உயிருக்கே உலை வைக்கும். நோயாளிக்கும் ஹீமோகுளோபினை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. சோர்வு என்றால் டானிக் வாங்கிக் குடிப்பவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதே இல்லை. வாசகியின் அப்பாவுக்கு ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் ஊசி மட்டும் பலிக்காது.