பிக்அப் கேம்பரா, பெரிய மோட்டார்ஹோமா? தாப்பாவிலிருந்து புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து, ஊர் ஊராகச் சுற்றும் ஆசை இப்போது பலருக்கும் வந்துவிட்டது. யூடியூபைத் திறந்தாலே அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு ஜோடி பெரிய பிக்அப்பின் முதுகில் வீட்டையே ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீங்க. "நம்மகிட்டதான் ஹைலக்ஸ் இருக்கே, பின்னால ஒரு பெட்டி வெச்சா போதாதா?" என்று தோன்றியிருக்கும்.

போதுமா, போதாதா என்பதைப் பார்க்க தாப்பா நல்ல இடம். ஒரு பக்கம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இன்று பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட தோட்டங்களின் செம்மண் பாதைகள். மூன்றும் மூன்று விதமான வண்டியைக் கேட்கின்றன.

பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "படுக்கை எவ்வளவு பெரியது?" ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "எடை எவ்வளவு?" ஏன் என்று பார்ப்போம்.

எதை எப்படி அழைக்கிறோம்?

பிக்அப் கேம்பர்: ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் போன்ற ஃபோர்வீலின் பின்தட்டில் ஏற்றி வைக்கும் பெட்டி. உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி இருக்கும். தேவையில்லாதபோது பெட்டியை இறக்கிவிட்டு வண்டியை வேலைக்கு எடுத்துப் போகலாம்.

கேம்பர்வேன்: ஹைஏஸ் போன்ற வேனின் உட்புறத்தையே அறையாக மாற்றியது.

மோட்டார்ஹோம்: சிறிய லோரியின் அடிச்சட்டத்தின்மேல் வீடு போலக் கட்டியது. கழிப்பறை, குளியல், நான்கைந்து பேருக்குப் படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும். நீளம் 6, 7 மீட்டர் வரை போகும். உயரம் 3 மீட்டரைத் தொடும்.

யூடியூப் வண்டி வேறு, நம் வண்டி வேறு

அந்தக் காணொளிகளில் வரும் அமெரிக்க பிக்அப்கள் பல, ஒன்றரை டன்னுக்கும் அதிகமாகச் சுமக்கக் கட்டப்பட்டவை. அவற்றின் பின்தட்டு 2.4 மீட்டர் நீளம்கூட இருக்கும். நம் ஊரில் ஓடும் நான்கு கதவு பிக்அப்பின் பின்தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். சுமை வரம்பும் ஏறக்குறைய ஒரு டன். சில மாடல்களில் அதைவிடக் குறைவு.

உங்கள் வண்டியின் சுமை வரம்பைக் கண்டுபிடிப்பது எளிது. கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, மற்றொன்று காலி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், நீங்கள் ஏற்றக்கூடிய எடை கிடைக்கும். அதில் பெட்டி மட்டுமல்ல, ஆட்களும் தண்ணீரும் அரிசி மூட்டையும் அடக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. சுமை வரம்பு 950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் போகிறீர்கள்:

- பெட்டி (எடை குறைந்த ரகம்): 450 கிலோ
- ஆள் இருவர்: 130 கிலோ
- தண்ணீர் 60 லிட்டர்: 60 கிலோ
- பேட்டரி, குளிர்பெட்டி, அடுப்பு, கேஸ்: 90 கிலோ
- துணிமணி, சாப்பாடு, நாற்காலி, கருவிகள்: 100 கிலோ

மொத்தம் 830 கிலோ. இன்னும் 120 கிலோ மிச்சம் இருக்கிறது. பரவாயில்லை.

இப்போது நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் எடை 260, சாமான் 150 ஆகிவிடும். மொத்தம் 1,010 கிலோ. வரம்பை 60 கிலோ தாண்டியாச்சு. பெட்டி 600 கிலோ ரகமாக இருந்தால், இருவர் மட்டும் போனாலே 30 கிலோ கூடுதல்.

பிக்அப் கேம்பர் என்பது நம் ஊர் வண்டிகளைப் பொறுத்தவரை இருவருக்கான வண்டி என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். உடன் ஒரு குழந்தை வரலாம். அதற்கு மேல் போனால் வண்டிதான் திணறும்.

மலை ஏறுவதைவிட இறங்குவது கடினம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதற்குள் சாலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. லாத்தா இஸ்கண்டார் அருவி, பூர்வக்குடி மக்களின் பெத்தாய்க் கடைகள், ரிங்லெட் என்று பார்க்க அழகான வழி. ஓட்டுகிறவருக்கோ இது முடிவில்லாத வளைவுகள் கொண்ட குறுகிய சாலை. எதிரே காய்கறி லோரியும் சுற்றுலாப் பேருந்தும் வரும்.

7 மீட்டர் மோட்டார்ஹோம் இங்கே ஏறாமல் இல்லை. ஆனால் வளைவில் அதன் பின்பகுதி எதிர்த்தடத்துக்கு நீளும் ஆபத்து உண்டு. பெரிய வண்டியில் போகிறவர்கள் வடக்கே ஈப்போ பக்கம் சென்று சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவது நல்லது. தூரம் கூடும், ஆனால் அந்தச் சாலை அகலமானது. கம்போங் ராஜா, லோஜிங் வழியாக குவா மூசாங்குக்கும், அங்கிருந்து கிழக்குக் கரைக்கும் போகிறவர்களுக்கு அது நேர்வழியும்கூட.

பிக்அப் கேம்பர் என்றால் கவலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்தட்டின்மேல் பெட்டி ஏறியதும் வண்டியின் எடைமையம் உயர்ந்துவிடும். நேற்றுவரை லகுவாகத் திரும்பிய அதே ஹைலக்ஸ், இன்று வளைவில் ஆடும்.

உண்மையான சோதனை இறங்கும்போதுதான். எடை கூடக் கூட பிரேக்கில் சூடு ஏறும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால், ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். அகலமான சாலை என்பதால் அசட்டையாக இருந்துவிடவும் முடியாது. 2010 டிசம்பர் 20 அன்று கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தில், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் பலியானதை நாம் இன்னும் மறக்கவில்லை.

பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்லும் விதி எளிமையானது: எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு. ஆட்டோ கியர் வண்டியிலும் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். புறப்படும் முன்னரே அதைப் பழகிக்கொள்ளுங்கள். டயர் காற்றையும், டயர் தாங்கும் எடையையும் பார்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு கிலோமீட்டர்

நெடும்பயணத்தில் நெடுஞ்சாலை எல்லா வண்டிக்கும் சுலபம். வித்தியாசம் தெரிவது கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான்.

கேமரனில் சுங்கை பாலாஸ் போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் எதிரே ஒரு கார் வந்தாலே ஒதுங்க வேண்டியிருக்கும். தாப்பா சுற்றுவட்டாரத்தில் பாட்டி வாழ்ந்த பழைய தோட்டத்துக்கோ, அங்குள்ள கோயில் திருவிழாவுக்கோ போனால் செம்மண் பாதை. மழை பெய்த மறுநாள் கனமான மோட்டார்ஹோம் அங்கே புதைந்துவிட்டால், வெளியே இழுக்க டிராக்டர்தான் வரணும். தாழ்ந்த கிளைகளும் மின்கம்பிகளும் வேறு. இங்கெல்லாம் பிக்அப்புக்குத்தான் வெற்றி.

ராத்திரி எப்படித் தூங்குவது?

மலைமேல் இரவில் போர்வை தேடுவோம். கீழே தாப்பாவிலோ, குவாந்தானிலோ இரவிலும் புழுக்கம்தான். அங்கே ஏர்கோன் இல்லாமல் மூடிய பெட்டிக்குள் தூங்குவது சிரமம்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1.28 கிலோவாட்-மணி மின்சாரம் இருக்கும். சராசரியாக 500 வாட் இழுக்கும் சிறிய ஏர்கோன் அதில் இரண்டரை மணி நேரம் ஓடும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 4 கிலோவாட்-மணி வேணும். அதாவது அப்படிப்பட்ட பேட்டரி மூன்று, நான்கு. மோட்டார்ஹோமில் அதற்கு இடமும் உண்டு, கூரையில் சூரியத் தகடுகளும் பொருத்தலாம். பிக்அப்பில் ஒவ்வொரு பேட்டரியும் மேலே போட்ட எடைக் கணக்கைத் தின்னும். அதனால் பிக்அப்காரர்கள் பெரும்பாலும் மின்விசிறி, கொசுவலை, நல்ல ஜன்னல் என்று சமாளிக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் மின் இணைப்புள்ள முகாமைத் தேடிப் போகலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. என்ஜினை ஓடவிட்டு, ஏர்கோன் போட்டு, கதவை மூடித் தூங்குவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும்.

எங்கே நிறுத்துவது?

நெடுஞ்சாலை ஆர் அண்ட் ஆர் களைப்பாறும் இடம், முகாம் அல்ல. ஒரு குட்டித் தூக்கத்துக்குச் சரி, அங்கே நாற்காலி விரித்து அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

தாப்பாவுக்கு அருகே கோலா வோ போன்ற ஆற்றங்கரை இடங்கள் மனத்தை இழுக்கும். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீர் வெள்ளம் வந்துவிடும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி முகாமில் ஏற்பட்ட நிலச்சரிவில் 31 பேர் மாண்டனர். சக்கரம் உள்ள வீடு என்பதன் பெரிய நன்மையே இடத்தை மாற்ற முடிவதுதான். சந்தேகம் வந்தால் இருட்டும் முன்னரே மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் சரிவின் அடியிலும் ஆற்றோரத்திலும் நிறுத்த வேண்டாம்.

சட்டமும் செலவும்

உரிமம்: சாதாரண டி உரிமம், காலி எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத மோட்டார் வாகனத்துக்குத்தான். லோரி அடிச்சட்டத்தில் கட்டிய மோட்டார்ஹோம் அதைத் தாண்டக்கூடும். வாங்கும் முன், வாடகைக்கு எடுக்கும் முன், எடையைக் கேளுங்கள்.

மாற்றம்: வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. பின்தட்டில் வைக்கும் பெட்டி சுமையாகக் கருதப்படுமா, வண்டியின் பகுதியாகவா என்பதைக் காசு கொடுக்கும் முன்னரே ஜேபிஜேயிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

இருக்கை: வண்டி ஓடும்போது பெட்டிக்குள் யாரும் படுத்திருக்கக் கூடாது. மோட்டார்ஹோமிலும் வார்ப்பட்டை உள்ள இருக்கையில்தான் உட்கார வேண்டும்.

டோல்: இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்புக் கட்டணம். பின்னால் இரட்டை டயர் போட்ட ஆறு சக்கர மோட்டார்ஹோம் இரண்டாம் வகுப்பு. கட்டணம் கூடுதல்.

டீசல்: தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு உயர்ந்தது. அதற்குப் பிறகு சந்தை விலைக்கேற்ப மாறுகிறது. பிக்அப்பும் லோரியும் பெரும்பாலும் டீசல் வண்டிகள் என்பதால், பழைய பயணக் கணக்குகளை நம்பாதீர்கள்.

வாங்குவதா, வாடகையா: ஆண்டுக்கு எத்தனை இரவு உண்மையிலேயே வெளியே தூங்குவீர்கள் என்று எண்ணுங்கள். தவணை, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 ரிங்கிட் என்றும், பயணம் 20 இரவு என்றும் வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு 600 ரிங்கிட். அந்தப் பணத்துக்கு நல்ல ஹோட்டலே கிடைக்கும். பிக்அப்புக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மற்ற 345 நாளும் அது வேலைக்குப் போகும்.

சரி, எதை எடுக்கலாம்?

- நீங்கள் இருவர், மலையும் தோட்டமும் காட்டுப் பாதையும்தான் இலக்கு என்றால்: எடை குறைந்த பெட்டியுடன் பிக்அப்.
- இருவர், பெரும்பாலும் நெடுஞ்சாலையும் ஊர்களும் என்றால்: கேம்பர்வேன். எடைமையம் தாழ்வு, நிறுத்துவதும் சுலபம்.
- அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமே கிளம்பினால்: மோட்டார்ஹோம். பாட்டிக்கு நடு இரவில் கழிப்பறை உள்ளேயே இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் முதலில் வாடகைக்கு எடுத்து, அகலமான சாலையில் போய்ப் பாருங்கள்.
- நான்கு நண்பர்கள், கையில் ஒரு பிக்அப்: பெட்டியை மறந்துவிட்டு கூடாரம் எடுத்துப் போங்கள். கேமரனில் அறை எடுத்தாலும் தப்பில்லை.

எதை எடுத்தாலும், முதல் பயணத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரை நிரப்பி, சாமான் ஏற்றி, எல்லாரும் உட்கார்ந்து, வண்டியை லோரிகளை நிறுக்கும் எடை மேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். தட்டில் வரும் எண் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் மலை ஏறலாம். கூடுதலாக இருந்தால், தாப்பாவிலேயே எதையாவது இறக்கிவிட்டுப் போங்கள்.