கற்பிட்டியில் டால்பின் பார்க்கப் போகிறீர்களா?

இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கிறது கற்பிட்டி. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தச் சாலை தெரிந்திருக்கும். இங்கிருந்து படகேறினால் ஸ்பின்னர் டால்பின்களைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். நூற்றுக்கணக்கில் வரும், சில நாள் ஆயிரத்தையும் தாண்டும். தொட்டியில் அடைபட்ட டால்பினைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எப்போது போவது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் மேற்குக் கரை தீவின் மறைவில் இருப்பதால் கடல் அடங்கியிருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அலை எழும்பும். சிறு படகுகளுக்கு அந்தக் கடல் ஆகாது. உங்களுக்கு விடுமுறை ஆகஸ்டில்தான் என்றால் திருகோணமலைக்குப் போங்கள். அப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும்.

காலை ஏழு மணி வாக்கில் புறப்படுவது நல்லது. இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடலாம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, படகைத் தூக்கிப் போடும். வெண்ணுரைக்கு நடுவே முதுகுத்துடுப்பு கண்ணில் படுவதும் கடினம்.

ஏறுவதற்கு முன்

பெரும்பாலும் மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுதான், நிழல் இருக்காது. முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். குழந்தைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். போட்டுவிட்ட பிறகு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும். வேறு கேளுங்கள், இல்லையென்றால் ஏற்றாதீர்கள்.

வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இரண்டு இடியாப்பம், ஒரு வாழைப்பழம் போதும். குமட்டல் வருகிறவர்கள் படகின் பின்பக்கம் உட்கார்ந்து, கைபேசியைப் பையில் வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகும். மாத்திரை போடுவதானால் புறப்படுமுன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தைகள் கரையில் இருப்பதே நல்லது.

டால்பின்களுக்குக் காலை ஓய்வு நேரம்

ஸ்பின்னர் டால்பின் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். மூக்கு மெலிந்து நீண்டிருக்கும். முதுகு கருஞ்சாம்பல், பக்கவாட்டு வெளிர்சாம்பல், வயிறு வெள்ளை. தண்ணீருக்குள்ளேயே உடலை முறுக்கி வேகமெடுத்து, மேலே பாய்ந்து, பம்பரமாகச் சுழன்று, பக்கவாட்டில் ‘தொப்’பென்று விழும். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரைக்கும் சுற்றும். உடலில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுமீனை உதறவும், விழும் சத்தத்தால் கூட்டத்துக்குச் சேதி சொல்லவும் இப்படிச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இது இரவில் இரை தேடும் விலங்கு. பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறுமீனும் கணவாயும் இருட்டியதும் மேலே ஏறி வரும்போது கூட்டமாக வேட்டையாடும். விடிந்ததும் வேட்டையை முடித்துவிட்டு மெல்ல நீந்தி ஓய்வெடுக்கும். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருந்து மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொள்ளும். நாம் படகில் போய்ச் சேருவது அந்த நேரத்தில்தான். துரத்தப்பட்டு ஓய்வு கெட்ட டால்பின் அன்றிரவு களைப்போடு வேட்டைக்குப் போகும். நாள்தோறும் இது நடந்தால் முதலில் அடிபடுவது பாலூட்டும் தாய். இந்த இனத்தில் ஒரு தாய் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும்.

இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கா 2021இல் ஹவாய்த் தீவுகளின் கரையை ஒட்டிய கடலில் ஸ்பின்னர் டால்பினை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்குவதைத் தடைசெய்தது. இலங்கையிலும் கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கான விதிமுறைகள் 2012இல் கொண்டுவரப்பட்டன.

நல்ல படகோட்டி எப்படி ஓட்டுவார்?

தூரத்தில் கூட்டம் தெரிந்ததுமே வேகத்தைக் குறைப்பார். நேராகப் பாயாமல் பக்கவாட்டில், அவை போகும் திசையிலேயே இணையாகப் போவார். முன்னால் குறுக்கே போகமாட்டார். கூட்டத்தைப் பிளந்து நடுவே நுழையமாட்டார். டால்பின்களே படகின் அணியத்துக்கு விளையாட வந்தால், வேகத்தையும் திசையையும் மாற்றாமல் அப்படியே போவார். ஏற்கெனவே இரண்டு மூன்று படகு நின்றால் தள்ளியே காத்திருப்பார். அரை மணி நேரம் பார்த்ததும் விலகிவிடுவார்.

டால்பின்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை நாமே கண்டுகொள்ளலாம். பரவிப் போன கூட்டம் நெருக்கியடித்துக்கொள்ளும். அடிக்கடி திசை மாறும். மூழ்கினால் வெகுநேரம் மேலே வராது. வாலால் தண்ணீரை ஓங்கி அறையும். இதில் எது தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். தீனி போடுவது, கடலில் குதிப்பது, கைதட்டிக் கூச்சலிடுவது எதுவும் வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுங்கள்

படகோட்டிகளில் பலர் மீனவர்கள். கிட்டப் போனால்தான் பயணி மகிழ்வார், கையில் கூடுதலாகக் கொடுப்பார் என்று நினைத்தே பலர் துரத்துகிறார்கள். அதனால் ஏறுமுன்பே, “நானா, துரத்தத் தேவையில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே எங்களுக்குப் போதும். இன்று தென்படாவிட்டாலும் பேசிய காசைத் தருவோம்” என்று சொல்லிவிடுங்கள். அவர் தோளிலிருந்து பெரிய சுமை இறங்கும். பொறுமையாக ஓட்டினால், கையில் கூடுதலாகக் கொடுக்க நினைத்திருந்ததை அதற்காகக் கொடுங்கள். ஊருக்குத் திரும்பியதும் யாராவது கற்பிட்டிக்கு ஆள் கேட்டால் அவருடைய எண்ணையே கொடுங்கள். துரத்தாமல் ஓட்டுகிறவருக்குத்தான் பிழைப்பு நன்றாக நடக்கிறது என்று தெரிந்தால், அந்தக் கரையில் மற்றவர்களும் அப்படியே ஓட்டத் தொடங்குவார்கள்.