பூஜ்யத்தை எண்ணும் சிலிக்கான்

ஜெனீவா பக்கத்துல இருக்கிற சேர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்துல புரோட்டான்கள் மோதுறது நமக்குத் தெரியும். எத்தனை தடவை மோதுச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

இதுக்கான அளவு லூமினோசிட்டி. ஹிக்ஸ் போசான் எவ்வளவு அடிக்கடி உருவாகுதுன்னு கணக்குப் போட இந்த எண்ணால் வகுக்கணும். அது 2 சதவீதம் தப்புன்னா விடையும் ஏறக்குறைய அவ்வளவு தப்பு. கோட்பாட்டோட ஒத்துப்போகாத சின்ன வித்தியாசம் ஒண்ணு தெரிஞ்சா, அது புது இயற்பியலா, எண்ணிக்கைக் கோளாறான்னு பிரிக்க முடியாது.

புரோட்டான் கூட்டங்கள் 25 நானோ செகண்டுக்கு ஒரு தடவை ஒண்ணையொண்ணு கடக்குது. சிஎம்எஸ் டிடெக்டர்ல 2015-ல் பிக்சல் லூமினோசிட்டி டெலஸ்கோப்னு ஒண்ணு வந்தது. பேருதான் டெலஸ்கோப், வானத்தைப் பார்க்காது. 8 மில்லிமீட்டர் சதுர சிலிக்கான் சென்சார் மூணு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. இப்படி 16 செட், பீம் குழாயைச் சுத்தி. மூணிலும் ஒரே நேரத்துல சிக்னல் வந்தா, அநேகமா மோதல் இடத்திலிருந்து ஒரு துகள் வந்திருக்கு. ஒரு சென்சார்ல 4,160 பிக்சல். அத்தனையையும் அந்த வேகத்துல படிக்க முடியாது. அதனால 'ஏதாவது பட்டுச்சா'ன்னு மட்டும் சிப் சொல்லும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்த படி. ரெண்டு துகள் சேர்ந்து போனாலும் பதில் ஒரே ஒரு 'ஆமா'தான். 'இல்லை'யில அந்தக் குழப்பம் கிடையாது. அதனால காலியா போன கடப்புகளை எண்ணுறாங்க. 90 சதவீதம் காலின்னா, பாய்சான் கணக்குப்படி சராசரி 0.105. 'ஆமா'வை எண்ணியிருந்தா 0.10 வந்திருக்கும். அங்கேயே 5 சதவீதம் போச்சு!

சரி, இந்த 0.105 எத்தனை மோதலுக்குச் சமம்? சைமன் வான் டெர் மீர் 1968-ல் சொன்ன வழிதான் இன்னைக்கும். ரெண்டு பீமையும் கொஞ்சம் கொஞ்சமா விலக்கி, எண்ணிக்கை எப்படிக் குறையுதுன்னு பார்த்தா பீமோட அகலம் கிடைக்கும். கூட்டத்துல எத்தனை புரோட்டான்னு தனியா அளக்குறாங்க. ரெண்டும் சேர்ந்தா லூமினோசிட்டி.

ஆனா கதிர்வீச்சு சிலிக்கானைக் கெடுத்துக்கிட்டே இருக்கும். சென்சார் சோர்ந்தா மோதல் குறைஞ்ச மாதிரியே தெரியும். மானிட்டரிங் ஏஜென்ட் தரவைத் தவறவிட்டா, டிராஃபிக் விழுந்துடுச்சுன்னு டாஷ்போர்டு காட்டுமே, அதேதான். அதுக்காக முக்கிய பிக்சல் டிடெக்டரின் சுமார் 6.6 கோடி பிக்சல்கள்ல, நிலையா வேலை செஞ்ச பகுதிகளை மட்டும் எடுத்துத் தனியா ஒரு எண்ணிக்கை வச்சுக்கிட்டாங்க. இப்படிப் பல கருவிகளை ஒப்பிட்டு, 2016 தரவுக்கு சிஎம்எஸ் பிழை வரம்பை 1.2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது.