கனவுக்கும் கணக்கு உண்டு: கோல் சீக்

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை (சிக்ரி) உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுதந்திரம் வந்த புதிதில், தேசிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று செட்டிநாட்டுக்கு வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் அதைக் கனவு கண்டார். கனவோடு நிற்கவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் நிலையம் திறக்கப்பட்டது.

கனவுக்கு ஓர் எண் கொடுத்ததும் அது திட்டமாகிவிடுகிறது. இந்த வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம். எக்ஸெலில் உள்ள அந்த வசதியின் பெயர் கோல் சீக்.

வீட்டில் தேன்குழல் பிழிந்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 பாக்கெட், பாக்கெட்டுக்கு லாபம் 8 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. மாதம் 10,000 ரூபாய் லாபம் வேண்டும் என்பது உங்கள் கனவு.

1. ஏ1 செல்லில் 20, ஏ2-ல் 8, ஏ3-ல் 25 என டைப் செய்யுங்கள்.

2. ஏ4-ல் =ஏ1*ஏ2*ஏ3 என்று (ஆங்கில எழுத்தில்) டைப் செய்து என்டர் தட்டுங்கள். 4000 என விடை வரும்.

3. டேட்டா டேப்பில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் என்பதைக் க்ளிக் செய்யுங்கள்.

4. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் செட் செல்: ஏ4, டு வேல்யூ: 10000, பை சேஞ்சிங் செல்: ஏ1 எனக் கொடுத்து ஓகே செய்யுங்கள்.

ஏ1 செல்லில் 50 என்று மாறும். அதாவது தினம் 50 பாக்கெட் விற்க வேண்டும்.

அவ்வளவு பிழிய முடியாதா? கேன்சல் கொடுங்கள், பழைய 20 திரும்ப வந்துவிடும். மறுபடியும் கோல் சீக் திறந்து, ஏ1-க்குப் பதில் ஏ2 கொடுங்கள். இப்போது விடை 20. பாக்கெட்டுக்கு 20 ரூபாய் லாபம் வந்தால் அதே 20 பாக்கெட் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் டூல்ஸ் மெனுவில் கோல் சீக் இருக்கிறது.

50 பாக்கெட் விற்குமா என்று கம்ப்யூட்டர் சொல்லாது. அதைக் கடைத்தெருவில்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் "நம்மால் முடியுமா?" என்று மலைத்து நின்ற நீங்கள், "இன்னும் 30 பாக்கெட்டை எங்கே விற்பது?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் கனவு எதுவோ, அதை டு வேல்யூவில் எழுதிப் பாருங்களேன்!