விரைவுப் படிப்பும் அதன் விலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வரலாற்றிலோ வணிகவியலிலோ பட்டம் பெற்று, சில காலம் வேறு தொழில் பார்த்த ஒருவர், பின்னர் நர்ஸாக விரும்பினால் மீண்டும் நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இருக்க வேண்டியதில்லை. முன்னே பெற்ற பட்டத்தின் பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, செவிலியர் கல்வியை மட்டும் 11 முதல் 18 மாதங்களுக்குள் கற்பித்துப் பட்டம் அளிக்கும் விரைவுப் படிப்புகள் அங்கே உண்டு. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இலேயே இதனைத் தொடங்கியது. இன்று நாடெங்கும் பல கல்லூரிகள் இதனை நடத்துகின்றன. பட்டம் ஒன்றே, ஆனால் ஒரு கல்லூரியின் கட்டணம் மற்றொன்றினுடையதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்காகக்கூட இருப்பதைக் காண்கிறோம். எதனைத் தேர்வது என்னும் வினாவை மாணவ நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

விரைவும் விலையும் எப்போதும் சேர்ந்தே வருவன என்று நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்கக் காங்கிரஸ் போல்ட்டன் சட்டத்தை நிறைவேற்றி ‘கேடட் நர்ஸ்’ படை ஒன்றை அமைத்தது. வழக்கமான 36 மாதப் பயிற்சி 30 மாதமாகக் குறுக்கப்பட்டது. கட்டணம், சீருடை, கைச்செலவு ஆகிய அனைத்தையும் அரசாங்கமே ஏற்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு தேறி வந்தனர். நாட்டிற்கு நர்ஸுகள் தேவைப்பட்டபோது அவசரத்தின் விலையை நாடு கொடுத்தது. இன்று மாணவர் கொடுக்கிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

இனி, அதிக விலை எதனை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். பட்டம் பெற்ற எவரும் என்கிளெக்ஸ் என்னும் தேர்வில் வென்றால்தான் பதிவு பெற்ற நர்ஸாக உரிமம் பெற முடியும். அத்தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது. எழுதுபவர் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தார் என்பதை அது கேட்பதில்லை. உரிமச் சீட்டில் கல்லூரிக் கட்டணத்திற்கேற்ற தங்க முலாம் எதுவும் பூசப்படுவதுமில்லை. ஆகவே புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டணம் உயர்ந்த உரிமத்தை வாங்கித் தருவதில்லை. அது பெரும்பாலும் வாங்கித் தருவது காலத்தையே. மாநில அரசுக் கல்லூரிகளில் அம்மாநிலத்தார்க்குக் கட்டணம் குறைவு. ஆனால் இடங்களும் குறைவு. காத்திருக்க மனமில்லாதவர் விலை கொடுத்து உடனே சேர்கிறார்.

அந்தக் காலத்தின் மதிப்பு என்ன? ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். இரு கல்லூரிகளுக்கும் இடையே கட்டண வேறுபாடு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதனை 7 விழுக்காடு வட்டியில் கடனாக வாங்கிப் பத்தாண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 580 டாலர். மொத்தம் 69,600 டாலருக்குமேல் ஆகும். மறுபுறம், மாணவர் இப்போது ஆண்டுக்கு 40,000 டாலர் பெறும் வேலையில் இருக்கிறார், நர்ஸானதும் 70,000 பெறுவார் என்று கொண்டால், ஓராண்டு காத்திருப்பதால் அவர் இழப்பது 30,000 டாலர். அப்போது காத்திருப்பதே இலாபம். ஆனால் இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்தால் இழப்பு 60,000 ஆகி, இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாகிவிடும். இரண்டுக்கும் மேல் என்றால் விலையுயர்ந்த கல்லூரியே மலிவு! ஆகையால் ‘மலிவானதே நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரோடு நான் உடன்படுவதில்லை.

கடனிலும் வகை உண்டு. அரசாங்கம் ஏழை மாணவர்க்கு வழங்கும் பெல் மானியம், முன்பே ஒரு பட்டம் பெற்றவர்க்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. பெற்றோரைச் சாராத மாணவர், இளநிலைப் படிப்புக்கு மத்திய அரசின் கடனாக ஆண்டுக்கு 12,500 டாலர் வரையே பெறலாம். முதற் பட்டத்திற்கு வாங்கியதையும் சேர்த்து மொத்த வரம்பு 57,500 டாலர். கட்டணம் இவ்வரம்பைக் கடந்தால் எஞ்சியதைத் தனியார் வங்கியிடம் வாங்க வேண்டிவரும். இங்கேதான் உண்மையான அபாயம் இருக்கிறது. 2007-இல் இயற்றப்பட்ட பொதுப்பணிக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையிலோ இலாப நோக்கற்ற மருத்துவமனையிலோ முழுநேரப் பணி செய்து 120 தவணைகளை முறைப்படி கட்டியவர்க்கு மிச்சமுள்ள மத்திய அரசுக் கடன் நீக்கப்படும். வங்கிக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

கட்டணப் பட்டியலில் காணாத செலவு ஒன்றும் உண்டு. காலையில் வகுப்பு, பிறகு வார்டில் பயிற்சி, இரவில் மருந்தளவுக் கணக்கு என்று செல்லும் இப்படிப்பின்போது வேலை பார்ப்பது பெரும்பாலோர்க்கு இயலாது. ஓராண்டு வீட்டு வாடகையும் உணவும் கையிருப்பிலிருந்தே வரவேண்டும். நான்காண்டுப் படிப்பில் ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த பருவத்தில் மீளலாம். விரைவுப் படிப்பிலோ மீள்வதற்கு இடைவெளியே இல்லை. இடையில் விலகியவருக்குப் பட்டம் இராது, கடன் மட்டும் இருக்கும்.

எனவே கல்லூரியைத் தேர்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி கட்டணம் பற்றியதன்று. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தனர் என்பதே அது. விளம்பரங்கள் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் உரக்கச் சொல்லும். என்கிளெக்ஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வென்றதாக ஒரு கல்லூரி கூறலாம். ஆனால் அந்த நூறு பேர் பட்டம் பெற்றவர்களே. நடுவில் வெளியேறியவர்கள் அக்கணக்கில் வருவதில்லை. தளர்ந்த மாணவரை முன்பே விலக்கிவிட்டால் விழுக்காடு தானே உயரும். முதல் முயற்சியில் வென்றோர் கணக்கை மாநிலச் செவிலியர் வாரியங்களிடமிருந்தே பெறலாம். கல்லூரிக்கு சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் உண்டா என்பதையும் அறிய வேண்டும். பயிற்சிக்குரிய மருத்துவமனையைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, மாணவரைத் தேடிக்கொள்ளச் சொல்கிறதா என்பதையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நன்று. விலை குறைந்த கல்லூரி இவற்றில் வழுவாதிருந்தால் தயங்காமல் சேரலாம் என்பது என் கருத்து.

உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் போன்ற முன்பாடங்களை அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சிறு செலவில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் பல கல்லூரிகள் சில ஆண்டுகளுக்கு முன் படித்த பாடத்தை ஏற்பதில்லையாதலால், எந்தக் கல்லூரி எதனை ஏற்கும் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டுமே கைக்கு எட்டாதவர்க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சமுதாயக் கல்லூரியில் ஏறத்தாழ இரண்டாண்டு படித்து இணைப்பட்டம் பெற்றவரும் அதே என்கிளெக்ஸ் தேர்வை எழுதி நர்ஸாகலாம். பின்னர் ஊதியம் பெற்றுக்கொண்டே செவிலியர் இளநிலைப் பட்டத்தை முடிக்கலாம். அதற்குரிய கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாமே ஏற்கும் மருத்துவமனைகளும் உண்டு. நியூயார்க் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம், அவ்வாறு பணியில் சேரும் புதிய நர்ஸுகள் பட்டத்தை முடிப்பதற்குப் பத்தாண்டு அவகாசம் தருகிறது.