தலையைக் கழற்றி மாட்டியாச்சு... அப்புறம்?

கார் வைத்திருக்கிற ஆசாமிகளில் இரண்டு ரகம் உண்டு. பானெட்டைத் திறந்தாலே மயக்கம் வருகிற ரகம் ஒன்று. திறந்தால் மூடவே மனசு வராத ரகம் இன்னொன்று. முதல் ரகத்தால் மெக்கானிக் குடும்பம் நடத்துகிறார். இரண்டாவது ரகத்தால் வீடே கட்டிவிடுகிறார்!

எங்கள் ஆபீஸ் தம்பி இரண்டாவது ரகம். புதுக்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடின ஒரு மாருதி 800-ஐ சல்லிசாக வாங்கினார். பழைய கார்ப்பரேட்டர் மாடல். 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் சாவியைக் கொடுத்து, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தின வண்டி அது. ஆனாலும் நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் சளைக்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் திருமயம் போய்த் திரும்பும்போது வண்டி கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. "நாமே மாத்திடலாம்ணே, நாலு ஞாயித்துக்கிழமை போதும்" என்றார் தம்பி. மாற்றியும் விட்டார். பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. சம்சாரம் நிறைமாசம். பிரசவத்துக்குப் பொன்னமராவதியில் அம்மா வீட்டில் இருக்கிறார். டாக்டரோ புதுக்கோட்டையில். ராத்திரி வலி எடுத்தால் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இந்த வண்டிதான் கதி!

கேஸ்கட் என்றால் என்ன?

இன்ஜினின் அடிப்பாகம் பிளாக். மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். நடுவே ஒரு தகடு, அதுதான் கேஸ்கட். ஒரு பக்கம் சிலிண்டருக்குள் 2,000 டிகிரிக்கும் மேலே எரிகிற நெருப்பு. பக்கத்து ஓட்டையில் தண்ணீர். அதற்கடுத்த ஓட்டையில் ஆயில். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், ஆனால் ஒருத்தர் ரூமுக்குள் இன்னொருத்தர் நுழையக் கூடாது! இந்தப் பஞ்சாயத்தை நடத்துகிற பெரிய மனுஷன்தான் கேஸ்கட். அவர் சாய்ந்தால் குடும்பம் கலகலத்துப் போகும்.

கை வெச்ச இடத்தைப் பாரு!

எல்லாம் மாட்டி முடித்து சாவியைத் திருகினால், வண்டி ஸ்டார்ட் ஆவது போல் இருமிவிட்டு கார்ப்பரேட்டர் வழியாக 'டப்' என்று தும்மியது. அவ்வளவுதான். "புது கேஸ்கட்டும் போச்சுண்ணே! மறுபடியும் ஹெட்டைத் தூக்கிடறேன்" என்று ஸ்பேனரோடு கிளம்பிவிட்டார் தம்பி. "சும்மா இருப்பா" என்று தடுத்து, எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்பாசடர் காலத்து ஆள்.

வந்தவர் கருவி எதையும் தொடவில்லை. முதலில் விசாரணைதான்.

"ஹெட்டை லேத்துல குடுத்து ஃபேசிங் பண்ணுனியா தம்பி?"

"பண்ணினேன் மேஸ்திரி."

"போல்ட்டை எப்படி டைட் பண்ணின?"

"டார்க் ரெஞ்ச் வாடகைக்கு எடுத்தேன். நடுவிலேருந்து வெளியே, மூணு தடவையா."

"பரவால்லையே! அப்ப கேஸ்கட் மேல உடனே பழி போடாதே. வண்டி நேத்து வரைக்கும் வேற மாதிரி இருந்துச்சு, இன்னிக்கு வேற மாதிரி இருக்கு. நடுவுல நீ எங்கெங்க கை வெச்சியோ, அங்கதான் கோளாறு. சுலபமானதுலேருந்து பாரு."

ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் டைமிங் பெல்ட், பிளக் வயர், ரப்பர் ஓஸ், கார்ப்பரேட்டர் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். முதலில் பெல்ட். இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஒரே ஒரு பல் தள்ளியிருந்தால்கூட ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், பிக்கப் இருக்காது. சில இன்ஜின்களில் வால்வே பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அதனால்தான் செல்ஃப் அடிக்குமுன் கையால் சுற்றிப் பார்ப்பது.

அடுத்து பிளக் வயர். அங்கே சிக்கியது! மூன்று சிலிண்டர் உள்ள இந்த இன்ஜின் எரிகிற வரிசை 1-3-2. தம்பி ஒழுங்காகப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லையா, 1-2-3 என்று மாட்டியிருந்தார்! மூன்று பேர் இருக்கிற செக்‌ஷனில் ஒருத்தர் மட்டும் வேலை பார்த்தால் ஃபைல் எப்படி நகரும்? வயரை மாற்றினதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஓடும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. கார்ப்பரேட்டர் பக்கம் ஒரு சின்ன ஓஸ் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செருகினதும் ஐடிலிங் சீரானது.

சைலன்ஸரில் மட்டும் வெள்ளைப் புகை. தம்பி முகம் வெளுத்துவிட்டது. "பதறாதே. ஹெட்டைத் தூக்கும்போது சிலிண்டர்ல, சைலன்ஸர்ல தண்ணி இறங்கியிருக்கும். கால் மணி ஓடட்டும்" என்றார் மேஸ்திரி. அதே போல் நின்றுவிட்டது.

நோய் வேறு, வலி வேறு

ஆனால் டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏறியது. ரேடியேட்டரின் மேல் ஓஸ் சுட்டது, கீழ் ஓஸ் ஜில்லென்றிருந்தது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் இப்படி வரும். இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, மூடியைத் திறந்து வைத்து மறுபடி ஓட்டினார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேற வெளியேற கூலன்ட் ஊற்றினார். தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஓஸும் சூடானது. குமிழும் நின்றது.

"இப்ப ஓகேதானே மேஸ்திரி?"

"இரு தம்பி. பழைய கேஸ்கட் ஏன் போச்சு?"

தம்பி விழித்தார். இந்தக் கேள்வியை நாலு ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் கேட்கவே இல்லை.

மூடியைப் போட்டு வண்டியை நிறுத்தின இடத்திலேயே ஓட விட்டார் மேஸ்திரி. முள் பாதியைத் தாண்டியும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. உடனே அணைத்தார். ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் சுற்றியது. ஆக, சூட்டைப் பார்த்து அதை ஓட வைக்கிற சுவிட்ச் செத்துப் போயிருந்தது. கொஞ்சம் ஆறினதும் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தார். ஒரு பாதி சூடு, ஒரு பாதி ஜில். உள்ளே உப்பு அடைப்பு! முன்னால் வைத்திருந்தவர் வருஷக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். குடத்தில் உப்புப் படிகிற தண்ணீர் ரேடியேட்டரில் மட்டும் படியாதா?

கேஸ்கட் போனது வெறும் வலி. நோய் இங்கே இருந்தது! இப்படியே விட்டிருந்தால், புதுசும் ஒரு நடுராத்திரியில் பொன்னமராவதி ரோட்டில் காலை வாரியிருக்கும்.

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்து, புது சுவிட்ச் போட்டார்கள். ஆயிலையும் மாற்றச் சொன்னார். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அடுத்த வாரமே ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தது. தம்பி போய் அழைத்துக்கொண்டு வந்தார். முள் பாதியைத் தாண்டவில்லை. பெண் குழந்தை!

எப்போது மறுபடி தூக்க வேண்டும்?

கிளம்புமுன் மேஸ்திரி சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன். காற்றை எல்லாம் எடுத்த பிறகும் ரேடியேட்டரில் குமிழ் நிற்காமல் வந்தால்... அரை மணி ஓடியும் வெள்ளைப் புகை தொடர்ந்தால்... வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்தால்... ஆயில் கம்பியில் பால் காப்பி நிறம் தெரிந்தால்... ஜில்லென்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிஷத்தில் மேல் ஓஸ் கல் மாதிரி விறைத்தால்... கம்ப்ரஷன் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாகக் காட்டினால்... சந்தேகமே வேண்டாம், ஹெட்டைத் தூக்கத்தான் வேண்டும். (ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கே ஓடுகிற வண்டியில் ஈரம் கட்டி அப்படி வரும்.)

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போதும் ஜாக்கிரதை. பழங்கால வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். காய்ந்த தூளை ஊதாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டைட் பண்ணும்போது பிளாக்கே விரிசல் விடலாம்.

கடைசியாக ஒன்று. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். சூட்டோடு திறந்தால் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். முள் சிவப்பைத் தொட்டால் 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று கணக்குப் போடாதீர்கள். ஹெட் வளைவதே அந்த இரண்டு கிலோமீட்டரில்தான். ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லுங்கள். ஆறவில்லையா? இன்னொரு டீ!

இரண்டு டீ செலவில் ஒரு இன்ஜின் பிழைத்தால் லாபம்தானே சார்?